காடவராயர் மரபும் இரு கோப்பெருஞ்சிங்கர்களும்

காடவராயர் என்போர் கி.பி. 12, 13ஆம் நூற்றாண்டுகளில் இன்றைய கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டப் பகுதிகளை ஆண்ட மரபினர். தொடக்கத்தில் சோழப் பேரரசின் கீழ் அதிகாரிகளாகவும் குறுநிலத் தலைவர்களாகவும் இருந்த இவர்கள், 13ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் தனியரசு கண்டனர். சோழப் பேரரசன் மூன்றாம் இராசராசனையே சிறைப்பிடித்துத் தம் தலைநகரான சேந்தமங்கலத்தில் அடைத்து வைத்தவர்கள் இவர்கள். சிதம்பரம் நடராசர் கோயிலின் கிழக்குக் கோபுரமும் இவர்கள் பெயரோடு தொடர்புடையது.

இம்மரபில் யாருக்குப் பின் யார் ஆட்சிக்கு வந்தார் என்பது நீண்ட காலம் தெளிவில்லாமலே இருந்தது. கோப்பெருஞ்சிங்கன் என்ற பெயரில் கிடைக்கும் கல்வெட்டுகள் அனைத்தும் ஒருவனுடையவையா, தந்தை மகன் என்ற இருவருடையவையா என்பதே சிக்கல். பாடநூல்களில் ஒரே வரியில் முடிந்துவிடும் செய்திதான். ஆனால் சோழப் பேரரசு எப்படி வீழ்ந்தது என்பதையும், சிதம்பரத்தில் நாம் அண்ணாந்து பார்க்கும் கோபுரத்தை எழுப்பியவன் யார் என்பதையும் சொல்ல வேண்டுமானால் இந்தச் சிக்கலைத் தாண்டித்தான் செல்ல வேண்டும்.

பல்லவர் வழி என்ற உரிமை

'காடவர்' என்பது பல்லவருக்கு வழங்கிய பெயர்களுள் ஒன்று. காஞ்சிப் பல்லவரின் ஆட்சி 9ஆம் நூற்றாண்டின் இறுதியில் முடிந்துவிட்டது. அதற்கு இருநூறு ஆண்டுகளுக்குப் பின் திருமுனைப்பாடி நாட்டில் தலையெடுத்த இத்தலைவர்கள் தம்மைப் பல்லவர் என்றும், காடவராயர் என்றும், கச்சிராயர் என்றும் அழைத்துக்கொண்டனர். கச்சி என்பது காஞ்சி. காஞ்சி இவர்கள் கையில் இல்லாத காலத்திலும் அந்தப் பெயரை விடவில்லை. இவர்கள் உண்மையிலேயே பல்லவ இரத்த வழியினரா என்பதைவிட, அப்படிச் சொல்லிக்கொண்டதால் என்ன கிடைத்தது என்பதே வரலாற்று மாணவருக்கு முக்கியம். சோழர் கொடுத்த பதவியால் மட்டும் தாம் ஆளவில்லை, தமக்கென்று பழைய உரிமை உண்டு என்பதை இப்பெயர் ஊரறியச் சொன்னது. 'ஆளப்பிறந்தான்' என்பது இக்குடும்பத்தில் திரும்பத் திரும்ப வரும் பட்டம். பிற்பாடு அது 'அவனியாளப் பிறந்தான்' என்று வளர்ந்தது. ஊரை ஆளப் பிறந்தவன் உலகை ஆளப் பிறந்தவனாகிவிட்டான்!

உலகெங்கும் புதிதாக ஆட்சிக்கு வருபவர்கள் செய்யும் காரியம்தான் இது. பாரசீகத்தில் தாரியசு அரியணை ஏறியபோது அவனுடைய உரிமை ஐயத்துக்குரியதாக இருந்தது. அவன் பெகிசுத்தூன் மலைப்பாறையில் வெட்டிய பெரிய கல்வெட்டில் முதலில் தன் தந்தை, பாட்டன் பெயர்களை வரிசையாகச் சொல்லி, தன் குலத்தில் தனக்கு முன் எட்டுப்பேர் மன்னராக இருந்தனர், தான் ஒன்பதாமவன் என்கிறான். அதற்குப் பிறகுதான் போர்கள் வருகின்றன. நம் விருத்தாசலம் கல்வெட்டும் ஏறக்குறைய அதே வேலையைத்தான் செய்கிறது.

விருத்தாசலம் தரும் தலைமுறை வரிசை

திருமுதுகுன்றம் என்று பழைய நூல்கள் கூறும் விருத்தாசலத்தில், சக ஆண்டு 1108இல் பொறிக்கப்பட்ட செய்யுள் கல்வெட்டு ஒன்று உள்ளது. சக ஆண்டுடன் 78 கூட்டினால் கிறித்து ஆண்டு கிடைக்கும். ஆகவே இது கி.பி. 1186. சோழ நாட்டை மூன்றாம் குலோத்துங்கன் ஆண்ட காலம். இக்கல்வெட்டில் வளந்தனார், ஆட்கொல்லி, ஏழிசை மோகன், அரசநாராயணன், வீரசேகரன் என்று காடவராயர் தலைமுறைகள் வருகின்றன. ஏழிசை மோகன் என்ற பெயரைக் கவனிக்க வேண்டும். ஏழு சுரங்களில் மயங்கியவன் என்று பொருள். இக்குடும்பத்தின் இசை, நாட்டிய ஈடுபாடு பின்னாளில் கோபுரச் சிற்பங்கள் வரை நீண்டது.

இதே கல்வெட்டு, வீரசேகரன் கூடலையும் அதியமான் நாட்டையும் அழித்தான் என்கிறது. கூடல் என்பது இன்றைய கடலூர் என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். கெடிலம், தென்பெண்ணை ஆறுகள் கடலோடு கூடும் இடம் கூடலூர் ஆகி, ஆங்கிலேயர் நாவில் திரிந்தது என்பது நம் பகுதியில் எல்லோரும் அறிந்த விளக்கம். காடவத் தலைவர் பலர் தம் பெயருக்கு முன் 'கூடல்' என்று ஊர்ப்பெயரைச் சேர்த்துக்கொண்டவர்கள். அப்படியிருக்க, காடவன் ஒருவன் கூடலை அழித்ததாக ஏன் பெருமை பேசுகிறான்? ஒரு பேரரசின் கீழிருந்த தலைவர்கள் தமக்குள்ளேயே படை நடத்திக்கொண்டிருந்தனர் என்பதுதான் விடை. மையத்தில் இருந்த சோழ மன்னனால் இதைத் தடுக்க முடியவில்லை, அல்லது தடுக்க விரும்பவில்லை. சோழப் பேரரசின் தளர்ச்சி பாண்டியரின் படையெடுப்பில் தொடங்கியது என்று எழுதுவது வழக்கம். என் கருத்தில், விருத்தாசலம் கோயில் சுவரில் 1186லேயே அதன் அறிகுறி தெரிகிறது.

பேரரசன் சிறைப்பட்டது

1216இல் மாறவர்மன் சுந்தரபாண்டியன் மதுரையில் முடிசூடினான். சில ஆண்டுகளில் சோழநாட்டின் மீது பாய்ந்து தஞ்சையையும் உறந்தையையும் எரித்தான். பிறகு சோழநாட்டைச் சோழனுக்கே திருப்பிக் கொடுத்தான். துவாரசமுத்திரத்தில் இருந்த போசள மன்னர்கள் சோழருக்குத் துணையாக நின்றனர். மூன்றாம் குலோத்துங்கனுக்குப் பின் வந்த மூன்றாம் இராசராசனுக்கு அரியணை இருந்தது. ஆனால் அதைத் தாங்கிப்பிடிக்க எப்போதும் பிறர் கை தேவைப்பட்டது.

இந்த நிலையில்தான் சேந்தமங்கலத்துக் காடவன் எழுந்தான். அழகியசீயன் என்றும் மணவாளப்பெருமாள் என்றும் இவன் அழைக்கப்பட்டான் என்பர். தெள்ளாறு என்ற இடத்தில் சோழனை எதிர்த்து வென்று, அரச சின்னங்களைப் பறித்து, அமைச்சரோடு அவனைச் சிறையில் இட்டதாக வந்தவாசிப் பகுதியில் உள்ள வயலூர்க் கல்வெட்டு கூறுகிறது. அதே தெள்ளாற்றில்தான் 9ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மன் வெற்றிபெற்று 'தெள்ளாறெறிந்த' என்ற பட்டம் பெற்றான். பல்லவர் வழி என்று சொல்லிக்கொண்ட ஒருவனுக்கு இதைவிடப் பொருத்தமான போர்க்களம் அமைந்திருக்காது.

வென்றவன் சொல்வது வயலூரில் இருக்கிறது. அவனைத் தோற்கடித்தவர்கள் சொல்வது கடலூருக்கு மேற்கே கெடிலக் கரையில் உள்ள திருவகீந்திபுரம் தேவநாயகப் பெருமாள் கோயிலில் இருக்கிறது. மூன்றாம் இராசராசனின் ஆட்சியாண்டிட்ட இக்கல்வெட்டு 1231-32ஐச் சேர்ந்தது. 'எபிகிராபியா இண்டிகா' ஏழாம் தொகுதியில் ஜெர்மானிய அறிஞர் ஹுல்ட்ஷ் இதைப் பதிப்பித்தார். தமிழகக் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை நிலம், விளக்கு, ஆடு, நெல் பற்றியவை. ஒரு போர்ப்பயணத்தை ஊர் ஊராகச் சொல்லும் கல்வெட்டு மிக அரிது. ஆகவே இதைச் சற்று விரிவாகப் பார்க்கலாம்.

கோப்பெருஞ்சிங்கன் சோழச் சக்கரவர்த்தியைச் சேந்தமங்கலத்தில் பிடித்து வைத்திருக்கிறான், அவன் படை நாட்டையும் திருமால் கோயில்களையும் அழிக்கிறது என்று போசள மன்னன் வீரநரசிம்மன் கேள்விப்படுகிறான். சோழ மண்டலத்தை நிலைநிறுத்தியவன் என்ற தன் பெயரைக் காப்பாற்றாமல் காளம் ஊதுவதில்லை என்று சூளுரைத்துத் துவாரசமுத்திரத்தை விட்டுப் புறப்படுகிறான். வழியில் மகர நாட்டை வென்று, திருவரங்கத்துக்கு அருகே பாச்சூரில் தங்குகிறான். அங்கிருந்து அப்பணன், சமுத்திர கோப்பயன் என்ற இரு தண்டநாயகர்களைப் படையுடன் அனுப்புகிறான்.

இவ்விருவரும் எள்ளேரியையும் கல்லியூர் மூலையையும் அழிக்கிறார்கள். இன்றும் லால்பேட்டைக்கு அருகே எள்ளேரி என்ற ஊர் உண்டு. பிறகு சோழகோன் என்ற காடவ அதிகாரி இருந்த தொழுதகையூரை அழிக்கிறார்கள். காடவன் பக்கம் நின்ற தலைவர்கள் சிலர் கொல்லப்படுகின்றனர்; அவர்களுள் பராக்கிரமபாகு என்ற ஈழத்து அரசனும் ஒருவன். அதன்பின் படை சிதம்பரம் வந்து பொன்னம்பலத்தானை வணங்குகிறது. வணங்கிவிட்டு வடக்கே திரும்பித் திருப்பாதிரிப்புலியூரில் தங்குகிறது. திருவதிகை, திருவக்கரை முதலிய ஊர்களை அழிக்கிறது. சேந்தமங்கலத்துக்குக் கிழக்கே கடல் வரையிலும் ஊர்கள் எரிக்கப்பட்டன, பெண்கள் பிடிக்கப்பட்டனர், கொள்ளை அடிக்கப்பட்டது என்று கல்வெட்டே சொல்கிறது.

யாருடைய ஊர்கள் இவை? சோழனை மீட்க வந்த படை எரித்தது சோழன் குடிகளின் ஊர்களைத்தான். காடவன் கோயில்களை அழித்தான் என்று குற்றம் சாட்டும் அதே கல்வெட்டு, மீட்க வந்தவர்கள் செய்த அழிவைப் பெருமையாக எழுதி வைத்திருக்கிறது. மன்னர்களின் வரிசையைப் படிக்கும்போது, அந்த வரிசை மாறிய ஒவ்வொரு முறையும் திருவதிகையில் குடியிருந்தவனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கத் தோன்றுகிறது. அதற்குக் கல்வெட்டில் கிடைக்கும் விடை இந்த ஓரிரு சொற்கள் மட்டுமே.

படை சேந்தமங்கலத்தை நெருங்கியதும் காடவன் சோழனை விடுவிக்க இசைந்தான். போசள மன்னன் ஒப்புதல் தந்தான். தண்டநாயகர்கள் சோழனை அழைத்துக்கொண்டு சோழநாட்டுக்குள் சென்றனர். கோப்பெருஞ்சிங்கன் கொல்லப்படவில்லை, சேந்தமங்கலமும் வீழவில்லை. இதை மறக்கக் கூடாது.

ஒருவனா, இருவரா?

இனி முக்கியக் கேள்விக்கு வருவோம். கோப்பெருஞ்சிங்கன் என்ற பெயரைப் பிரித்தால் கோ, பெரும், சிங்கன். வடமொழியில் இதுவே 'மகாராசசிம்மன்'. சீயன் என்றாலும் சிங்கம்தான். ஆக, இது பிறந்தபோது வைத்த பெயராக மட்டுமல்லாமல் பட்டமாகவும் இருக்கக்கூடிய சொல்.

கோப்பெருஞ்சிங்கதேவனின் ஆட்சியாண்டு குறித்த கல்வெட்டுகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. அந்த ஆண்டுகளை எங்கிருந்து எண்ணுவது? காஞ்சிபுரம் அருளாளப்பெருமாள் கோயில் கல்வெட்டொன்று இதற்குத் திறவுகோல் தந்தது. அதில் சக ஆண்டு 1182 அவனுடைய 18ஆம் ஆட்சியாண்டு என்று வருகிறது. 1182உடன் 78 கூட்டினால் 1260. அது 18ஆம் ஆண்டு என்றால் முதலாண்டு 1243. மற்றக் கல்வெட்டுகளில் உள்ள நாள், நட்சத்திரக் குறிப்புகளைக் கணித்துப் பார்த்தபோதும் 1243 என்பதே பொருந்தியது. கடைசியாகக் கிடைக்கும் ஆட்சியாண்டு 36. அதாவது 1279ஐ ஒட்டிய காலம்.

சோழனைச் சிறைப்பிடித்த நிகழ்ச்சியோ 1231இல் நடந்தது. முடிசூடுவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவன் பேரரசனைச் சிறையில் வைக்க முடியுமா? முடியும், அப்போது அவன் முறைப்படி முடிசூடாத தலைவனாக இருந்தான், பிறகுதான் 1243இல் ஆண்டு எண்ணத் தொடங்கினான் என்று தொடக்கக்கால அறிஞர்கள் கொண்டனர். அவர்கள் கணக்கில் ஒரே ஒரு கோப்பெருஞ்சிங்கன். ஆனால் அப்படியானால் 1231லேயே படைநடத்தும் வலிமையோடு இருந்தவன் 1279 வரை ஆண்டிருக்க வேண்டும். நடக்கவே முடியாதது என்று தள்ளிவிட முடியாது. எளிதில் நம்பவும் முடியாது.

முடிச்சை அவிழ்க்க உதவியது ஆந்திரத்தில் உள்ள திரிபுராந்தகம் கல்வெட்டு. வடமொழியில் அமைந்த இது மகாராசசிம்மனின் தந்தை ஜீயமகீபதி என்றும், தாய் சீலவதி என்றும் கூறுகிறது. ஜீயமகீபதி என்பது 'சீயன்' என்ற தமிழ்ப்பெயரின் வடமொழி உரு. அழகியசீயன் தந்தை, அவன் மகன் மகாராசசிம்மன் என்று கொண்டால் எல்லாம் இடத்தில் பொருந்துகிறது. தென்னிந்தியக் கல்வெட்டுகள் 12ஆம் தொகுதியைப் பதிப்பித்த வே. வேங்கடசுப்பையர் இம்மன்னர்களின் கல்வெட்டுகளை ஒருங்கே திரட்டி, இருவர் என்ற முடிவை வலியுறுத்தினார். இன்று பெரும்பாலோர் ஏற்பது இதையே. 1243க்கு முன் சோழனைச் சிறையிட்டவன் முதலாம் கோப்பெருஞ்சிங்கன். 1243 முதல் 1279 வரை ஆண்டவன் அவன் மகன் இரண்டாம் கோப்பெருஞ்சிங்கன்.

இத்தகைய குழப்பம் நமக்கு மட்டும் உரியதன்று. ஈரானில் கி.மு. 247 முதல் கி.பி. 224 வரை ஆண்ட பார்த்திய அர்சாக்கு மரபில், மரபைத் தோற்றுவித்த அர்சாக்கின் பெயரையே பின்வந்த மன்னர்களும் தம் நாணயங்களில் பொறித்துக்கொண்டனர். நாணயத்தைக் கையில் எடுத்தால் எல்லாம் அர்சாக்கு! முகச்சாயல், தாடி, மகுடம் ஆகியவற்றின் வேறுபாட்டைக் கொண்டும், பாபிலோனிய வானியல் குறிப்பேடுகளில் உள்ள ஆண்டுகளைக் கொண்டும்தான் அறிஞர்கள் யாருக்குப் பின் யார் என்று வரிசைப்படுத்த வேண்டியிருந்தது. சில இடங்கள் இன்னும் வழக்கில் உள்ளன. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் நம் வீடுகளில் பழைய பத்திரங்களைப் படித்துப் பார்த்தவர்களுக்கு இந்தத் தொல்லை புரியும்.

மகனின் காலம்

இரண்டாம் கோப்பெருஞ்சிங்கன் பட்டமேற்றபோது போசளர் பகை தொடர்ந்தது. பெரம்பலூரில் நடந்த போரில் கேசவன், அரிகரன் முதலிய போசள தண்டநாயகர்களைக் கொன்று, அவர்களின் பெண்டிரையும் பொருளையும் கைப்பற்றினான். அதற்குக் கழுவாயாக விருத்தாசலம் கோயிலுக்கு அணிகலன் அளித்தான் என்று அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. வெற்றியைப் பொறிக்கும் கல்வெட்டிலேயே கழுவாய் என்ற சொல் வருவது சிந்திக்கத்தக்கது.

ஆனால் 1251இல் முதலாம் சடையவர்மன் சுந்தரபாண்டியன் மதுரை அரியணை ஏறியதும் தமிழகத்தின் நிலைமையே மாறிவிட்டது. பல்லவன் அனுப்பிய திறையை ஏற்காமல் சேந்தமங்கலத்தை முற்றுகையிட்டு வென்று, யானை, குதிரை, செல்வங்களைக் கவர்ந்து, பின்னர் நாட்டை அவனிடமே திருப்பிக் கொடுத்ததாகப் பாண்டியன் மெய்க்கீர்த்தி கூறுகிறது. தந்தை சோழனுக்குச் செய்ததைப் பாண்டியன் மகனுக்குச் செய்தான் எனலாம். சிறை மட்டும் இல்லை. இதற்குப் பின் காடவன் பாண்டியனை அனுசரித்தே ஆண்டான். அவனுடைய ஆந்திரக் கல்வெட்டுகளிலோ 'பாண்டிய மண்டலத்தை நிலைநிறுத்திய சூத்திரதாரி' என்ற பட்டம் காணப்படுகிறது. தோற்றவன் தன்னை நாடகத்தை நடத்துபவனாகக் காட்டிக்கொள்கிறான்! கூத்தில் ஈடுபாடு கொண்டவனுக்கு உவமை கைகொடுத்திருக்கிறது.

கோதாவரிப் பகுதியில் உள்ள திராட்சாராமத்தில் சக ஆண்டு 1184, அதாவது 1262ஐச் சேர்ந்த இவனது கல்வெட்டு இருக்கிறது. காகதீய மன்னன் கணபதி இவனுக்கு வீரக்கழல் அளித்துச் சிறப்பித்தான் என்கிறது. 'சாகித்திய ரத்னாகரன்', 'பரதமல்லன்' போன்ற பட்டங்கள் இவனுக்கு உண்டு. தமிழில் 'பரதம் வல்ல பெருமாள்' என்றனர்.

அந்தப் பட்டம் வெறும் அலங்காரம் அன்று என்பதற்குச் சிதம்பரம் கிழக்குக் கோபுரமே சான்று. நான்கு திசையிலும் வென்று கொண்டுவந்த செல்வத்தால் இக்கோபுரத்தை மேருமலைபோல் எழுப்பியதாக ஆந்திரக் கல்வெட்டு கூறுகிறது. வாயிலின் இருபுறமும் நாட்டிய சாத்திரம் கூறும் கரணங்கள் சிற்பங்களாக உள்ளன. அவற்றோடு அந்நூலின் வடமொழிச் செய்யுள்களும் கிரந்த எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. கரணங்களை மீட்டெடுக்க முயன்ற 20ஆம் நூற்றாண்டு நாட்டிய அறிஞர்களுக்கு இவை பெருந்துணையாயின. கோபுரத்தின் மேற்பகுதிகள் பிற்காலத்தில் பலமுறை திருப்பணி கண்டவை. ஆகவே வண்ணம் பூசிய சுதைகளை விட்டுவிட்டு, கீழே வாயிலுக்குள் நின்று கருங்கல் பகுதியைப் பார்ப்பவருக்கே காடவன் காலம் தெரியும்.

முடிவு

இரண்டாம் கோப்பெருஞ்சிங்கனின் கடைசி ஆட்சியாண்டும், சோழ மரபின் கடைசி மன்னனான மூன்றாம் இராசேந்திரனின் கடைசி ஆட்சியாண்டும் ஏறக்குறைய ஒரே காலத்தில், 1279இல் முடிகின்றன. பேரரசனும் அவன் குடும்பத்தைச் சிறைவைத்த மரபும் ஒன்றாகவே கல்வெட்டுகளிலிருந்து மறைகின்றனர். அதன்பின் இப்பகுதியில் வருவன மாறவர்மன் குலசேகரபாண்டியனின் ஆட்சியாண்டுகள். திருவண்ணாமலைக் கல்வெட்டு வேணாவுடையான் என்ற மகனைப் பற்றிப் பேசுகிறது. ஆனால் தந்தையைப்போல் ஆண்டு எண்ணித் தனியரசு நடத்திய மகனாக அவன் தெரியவில்லை.

சேந்தமங்கலம் இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உளுந்தூர்ப்பேட்டை வட்டத்தில் ஒரு சிற்றூர். வாணிலைகண்டீசுவரம் என்று கல்வெட்டுகள் கூறும் ஆபத்சகாயேசுவரர் கோயில் அங்கே நிற்கிறது.

ஒரு கணக்கு மட்டும் பாக்கி. செங்கல்பட்டுப் பகுதி ஆத்தூர்க் கல்வெட்டு, சிதம்பரத்தின் தெற்கே 'சொக்கச்சீயன்' என்ற ஏழுநிலைக் கோபுரத்துக்கு ஊர் வருவாயைக் கொடுத்த செய்தியைக் கூறுகிறது. அதில் வரும் பெயர் 'அழகியசீயன் அவனியாளப் பிறந்தான் கோப்பெருஞ்சிங்கதேவன்', ஆட்சியாண்டு 5. மகன் என்றால் 1248ஐ ஒட்டிய காலம் வருகிறது. அழகியசீயன் என்ற பெயரை அழுத்திப் பிடித்தால் தந்தைக்கும் இழுக்கலாம். மகனும் தந்தையின் சீயன் பட்டத்தைச் சேர்த்துக்கொண்டான் என்று கொண்டு 1248ஐ ஏற்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. ஏனெனில் ஆண்டு எண்ணி ஆணை பிறப்பிக்கும் வழக்கம் 1243க்குப் பின் உறுதியாகக் காணப்படுவது.